சலேத்தம்மாள் முதலில் சாப்பிட்ட நாள்

சலேத்தம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் பாடம் கேட்க வந்த சிஸ்டர் அமலோற்பவத்துக்கு முப்பத்தெட்டு.

தியானக் கூட்டத்தில் சிஸ்டர் ஒரே ஒரு விஷயம்தான் பேசினார். "கிறிஸ்து உங்களை விடுவிச்சாச்சு. இனி நீங்க யாருக்கும் அடிமை இல்ல." மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சலேத்தம்மாள் போகவில்லை. ஒரு கட்டைப்பையோடு, சிஸ்டர் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு வந்துவிட்டாள்.

ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு கேட்டுவிட்டாள்.

"சிஸ்டர், முப்பது வருஷம் மாமியார் வீட்ல இதேதான் செஞ்சேன். கஞ்சி, பீத்துணி, துடைப்பம். விடுதலைன்னு சொன்னீங்க. இங்கயும் அதே கஞ்சி, அதே துடைப்பம். எங்க இருக்கு விடுதலை?"

சிஸ்டர், "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"எல்லாரும் முடிக்கட்டும்."

"முடிச்சு?"

"மிச்சம் இருக்கறத நான் சாப்பிட்டுக்கறேன்."

மாமியார் வீட்டில் அதுதான் வழக்கம். மாமியார் கை கழுவிய பிறகுதான் மருமகள் சாப்பிடலாம். தட்டுகூடக் கிடையாது. குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, அடுப்புப் பக்கம் நின்றபடி சாப்பிடுவாள். இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு மாதமாக அவள் அப்படித்தான் சாப்பிட்டாள்.

"இன்னையில இருந்து உங்களுக்கு வேலை இல்ல," என்றார் சிஸ்டர். "முதல் ஆளா உக்காந்து சாப்பிடுங்க. அது போதும்."

"அப்ப என் வேலையெல்லாம்?"

"நான் பாத்துக்கறேன்."

"இதெல்லாம் ஒரு பாடமா சிஸ்டர்?"

"பாடம்னே வச்சுக்கங்க."

அவளால் முடியவில்லை. முதல் நாள் நாலு வாய்கூட இறங்கவில்லை. யாரோ பின்னால் நின்று பார்ப்பது போலவே இருந்தது. மறுநாள் மறுபடியும் சட்டிக்கே போய்விட்டாள்.

அந்த வாரமே கொழுந்தன் ஆட்டோவில் மாமியாரைக் கொண்டுவந்தான். வாதம் அடித்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் பார்க்க ஆள் இல்லையாம்.

மாமியார் நல்லவள் இல்லை. படுத்த பிறகும் மாறவில்லை. ஆட்டோவில் இருந்தபடியே கத்தினாள். "ஏய் சலேத்து, நீ ஓடிப் போனதாலதாண்டி நான் விழுந்தேன்."

சலேத்தம்மாள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிஸ்டர் போய்த் தட்டினார்.

"அக்கா, நீங்க வேண்டாம்னா வேண்டாம். டவுன்ல இன்னொரு இல்லம் இருக்கு. நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

"சேத்துக்கணும்னுதான நீங்க நினைக்கறீங்க?"

"நான் கொஞ்ச நேரம் படுக்கணும்னுதான் நினைக்கறேன். முடிவு உங்களோடது."

"வேண்டாம்னா என்னைத் தப்பா நினைப்பீங்களா?"

"மாட்டேன்."

கதவு திறக்க ரொம்ப நேரம் ஆனது.

"இருந்துட்டுப் போகட்டும். ஆனா நான் தொட மாட்டேன்."

"தொட வேண்டாம்."

நாலு நாள் சிஸ்டரே ஊட்டினார். கிழவி பாதியைத் துப்பினாள். "இது கஞ்சியா, சுவத்துக்கு அடிக்கற சுண்ணாம்பா?" சிஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை எடுத்தார். இன்னும் எட்டுக் கட்டிலுக்குக் கஞ்சி போக வேண்டியிருந்தது. அவருக்குக் கால் வீங்கியிருந்தது. சலேத்தம்மாள் இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் உலை இறங்கியதும் சலேத்தம்மாள் தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். சோறு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல். ரெண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள்.

"எவடி அங்க, பசிக்குது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் எழவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவினாள். அப்புறம்தான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிழவியிடம் போனாள்.

"ஆறிப் போச்சு," என்றாள் மாமியார், முதல் வாயிலேயே.

"ஆமா அத்தை. நான் சாப்பிட்டுட்டு வந்தேன்."

"எனக்கு முந்தியா?"

"உங்களுக்கு முந்தி."

கிழவி முறைத்தாள். சலேத்தம்மாள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

பக்கத்துக் கட்டில் கித்தேரியம்மாள் எட்டிப் பார்த்தாள். "உங்க மருமகளா? எனக்குக் குடுத்துடுங்களேன், நான் வச்சுக்கறேன்."

"கொண்டு போ. திமிரு புடிச்சவ."

"வாயைத் தொறங்க அத்தை. வலப்பக்கமா வச்சு முழுங்குங்க."

கிழவி திட்டிக்கொண்டே முழுங்கினாள். கிண்ணம் காலியானது.

சிஸ்டர் வராந்தாவில் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கால் நீட்டியிருந்தார். சலேத்தம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஊட்டிட்டேன்."

"சத்தம் கேட்டுச்சு."

"பாசமெல்லாம் வரல சிஸ்டர். பசின்னாங்க, போனேன். கோவம் அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்."

"நாளைக்கு நான் போகலன்னா?"

"நான் போவேன்."

"உங்களுக்கு அலுப்பே இல்லையா?"

"செத்துப் போற அலுப்பு."

"அப்புறம் ஏன் போறீங்க? யாராச்சும் உங்களைக் கட்டிப் போட்டிருக்காங்களா?"

சிஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

"கட்டிப் போட்டிருந்தா என்னைக்கோ ஓடிப் போயிருப்பேன் அக்கா."