ஊற்றோரத் தத்துப்பூச்சி

மலைமேல் இருந்த அந்த மடத்தில் உயிர்க்கொலை கிடையாது. தண்ணீரில் எறும்பு மிதந்தால்கூட அதைக் கரையேற்றிவிட்டுத்தான் குடிப்பார்கள்.

பூங்கோதை அங்கே தீட்சை பெற்றபோதே அவர் தலை நரைத்திருந்தது. அதற்கு முன் வேளாண் கல்லூரியில் பூச்சியியல் கற்பித்தவர். குருவான ஈசான அடிகள் பூங்கோதைக்கு மகன் வயதுதான் இருப்பார். ஆனாலும் குருவின் முன்னால் பூங்கோதை உட்கார்ந்து பேசியதில்லை.

மடத்துக்குப் பின்னால் ஒரு புல்சரிவு. அதை வெட்டித் திருத்தி மகிழந்தோப்பு வைக்க அடியார்கள் முடிவு செய்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான். கன்றுகளும் வந்து இறங்கிவிட்டன.

கன்றுகள் இறங்கிய காலையில் பூங்கோதை அந்தச் சரிவில், புல்லுக்குப் புல் தாவும் ஒரு தத்துப்பூச்சியைக் கண்டார். அரிசிமணியைவிடச் சிறியது. பச்சை உடம்பு, முதுகில் இரண்டு சிவப்புக் கோடுகள். ஆயுள் முழுக்கப் பூச்சி பார்த்த கண்ணுக்கு அது புதிது.

தோப்பு வேலையை முன்னின்று நடத்திய ஆவுடையப்பனிடம் சொன்னார்.

"நெல்லுல விழுற பச்சைத் தத்துப்பூச்சிதானேம்மா? எங்க வயலுக்கு வாங்க, கொத்துக் கொத்தாக் காட்டுறேன்."

"இது வேற."

"வேறன்னு எப்படிச் சொல்றீங்க?"

வெளித்தோற்றத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஓர் ஆண் பூச்சியைக் கொன்று, வயிற்று நுனியைப் பிரித்து, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் தெரியும்.

பூங்கோதை அடிகள் முன் போய் நின்றார்.

"ஒரு புதுப் பூச்சி சாமி. இனம் தெரிய ஒண்ணைக் கொல்லணும்."

அடிகள் நிமிர்ந்து பார்த்தார். "அது எங்கே வாழுது?"

"பின்னால சரிவுல."

"சரிவுல எங்கே?"

பூங்கோதைக்குத் தெரியவில்லை.

"பாத்துட்டு வாங்கம்மா."

பூங்கோதை புல்லுக்குள் மண்டியிட்டுத் தேடினார். மழை பிடித்துக்கொண்டது, நனைந்தபடியே தேடினார். சரிவு முழுக்க அந்தப் பூச்சி இல்லை. பாறை கசியும் ஓர் ஊற்றின் ஓரத்தில் மட்டும் இருந்தது. அங்கும் கணு வைத்த ஒரே வகைப் புல்லில்தான். குஞ்சுகளும் அந்தப் புல்லின் அடித்தாளில்தான் சாறு குடித்துக்கொண்டிருந்தன. பக்கத்துப் புல்லில் எடுத்து விட்டால், தத்தித் தத்தி மறுபடியும் அதற்கே வந்து சேர்ந்தன.

திரும்பி வந்து சொன்னார்.

"அந்தப் புல் போனா?" என்றார் அடிகள்.

"பூச்சியும் போயிடும்."

"அங்கே நிறைய இருக்கா?"

"இருக்கு சாமி. ஒண்ணு குறைஞ்சா இனத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"இனத்துக்கு ஆகாது. அந்த ஒண்ணுக்கு?"

பூங்கோதை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வெகுநேரம் கழித்து அடிகள் எழுந்தார். "சரி, வாங்க."

ஊற்றோரத்தில் பூங்கோதை ஓர் ஆண் பூச்சியைப் பிடித்தார். மருந்தில் நனைத்த பஞ்சு வைத்த கண்ணாடிக் குப்பியை அடிகள் வாங்கிக்கொண்டார்.

"நீங்க உள்ளே விடுங்க. நான் மூடுறேன்."

கால்கள் துடித்து அடங்கும்வரை அவர் குப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்று அவர் முன் வைத்த சோறு அப்படியே திரும்பிப் போனது.

பூங்கோதை தன் பழைய கல்லூரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அது நெற்பயிர்ப் பூச்சி அல்ல. இதுவரை யாரும் எழுதிவைத்த எந்த இனமும் அல்ல. ஆவுடையப்பன் ஊற்றோரத்துக்கு வந்து குனிந்து, நெடுநேரம் அந்தப் புல்லைப் பார்த்தார். மறுநாள் கன்றுகளை அடிவாரத்துக்கு இறக்கிவிட்டார்.

எல்லாரும் மகிழ்ந்தார்கள். பூங்கோதைக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு மாலை அடிகளிடம் கேட்டேவிட்டார்.

"அன்னைக்குச் செஞ்சது பாவமா சாமி?"

"பாவம்தான்."

"இத்தனை உயிர் பிழைச்சிருக்கே?"

"பிழைச்சதும் உண்மை. பாவமும் உண்மை."

"பின்னே என்னை ஏன் தடுக்கலை?"

"தடுத்திருந்தாலும் செஞ்சிருப்பீங்கம்மா," என்றார் அடிகள். "தனியா."