எடுபிடிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது

அந்தக் காலத்தில், தேனீக்கள் வாய்விட்டுப் பேசிய நாளில், ஒரு பாறைப் பிளவுக்குள் பெரிய கூடு ஒன்று இருந்தது. அங்கே பிறந்தவளுக்கு இறக்கை காய்ந்ததோ இல்லையோ, பூவைத் தேடிப் பறந்துவிடுவாள். கூட்டுக்குள் வேலை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

அத்தனையும் இலுப்பியின் தலையில் விழுந்தது. இலுப்பை பூத்தபோது பிறந்ததால் அந்தப் பெயர். பிறவியிலேயே இறக்கை சுருங்கியிருந்ததால் பறக்க முடியாது. அறைகளைத் துடைப்பாள், குஞ்சுகளுக்கு ஊட்டுவாள். மற்றவர்கள் கொண்டுவரும் பூஞ்சாற்றை வாய்க்கு வாய் வாங்கி அறையில் ஊற்றி, நீர் வற்றும்வரை அந்தச் சுருங்கிய இறக்கையால் விசிறி, மெழுகால் மூடுவாள். வாசலில் இறங்குகிறவர்கள் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இதை எடு, அதைப் பிடி, அவ்வளவுதான். கூட்டிலேயே அதிகச் சாறு கொண்டுவருகிற மிதப்பில் கடம்பி என்பவள் "எடுபிடி" என்று பட்டமே கட்டிவிட்டாள்.

இலுப்பியோ பூவைப் பார்த்தே தீருவது என்று மனதில் முடிந்து வைத்திருந்தாள். விசிறி விசிறியே இறக்கை நிமிர்ந்தது. ஒரு காலையில் ராணியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். உள்வேலைக்கு யார் என்று ராணி கவலைப்பட்டாள். இதில் என்ன பெரிய வித்தை, ஊற்றி மூட வேண்டியதுதானே, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றாள் கடம்பி.

ஊற்றினார்கள், மூடினார்கள். துடைக்கவுமில்லை, விசிறவுமில்லை.

மலைக்கு அப்பால் ஆசை தீரச் சுற்றிவிட்டு, கார்மேகம் கட்டிய நாளில் இலுப்பி திரும்பினாள். வாசலிலேயே புளிப்பு நாற்றம். மெழுகு மூடிகள் உப்பி வெடித்து நுரை வழிந்தது. மழை பிடித்துக்கொண்டால் கூட்டில் இருப்பதைத்தான் தின்ன வேண்டும். இருப்பதில் பாதி கெட்டுப்போயிருந்தது. குஞ்சுகளோ பசியில் நெளிந்தன.

"ஏ எடுபிடி, சீக்கிரம் உள்ளே வந்து விசிறு," என்றாள் கடம்பி.

இலுப்பி வாசலைத் தாண்டவில்லை.

"வருகிறேன், தனியாக வரமாட்டேன். இறக்கை உள்ள அத்தனை பேரும் விசிற வேண்டும். இனி எவள் பிறந்தாலும் முதலில் உள்ளே நின்றுவிட்டுத்தான் பூவுக்குப் போக வேண்டும்."

"நன்றாகப் பறக்கிற பிள்ளைகளைப் போய்..." என்று ராணி இழுத்தாள்.

"எவள் நன்றாகப் பறக்கிறாள் என்று மழை பார்த்துக்கொண்டிருக்காது, ஆத்தா."

முதல் தூறல் விழுந்தது. ராணி தலையாட்டினாள். கடம்பி முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் வந்து நின்றாள்.

"எப்படி விசிறுவது என்று சொல்லித் தொலையேன்."

"காலை ஊன்றி நில்லு அக்கா. நீ எங்கேயும் கிளம்பவில்லை."

புளித்ததை வழித்து வெளியே கொட்டினார்கள். புளிக்காததைத் திறந்து, கூடே அதிர விசிறினார்கள். அரை வயிற்றோடுதான் அந்த மழைக்காலம் கழிந்தது. ஆனால் ஒரு குஞ்சும் சாகவில்லை.

அன்று முதல்தான் புதிதாய்ப் பிறக்கும் ஒவ்வொரு தேனீயும், பூவின் முகத்தைப் பார்க்குமுன் கூட்டுக்குள் எடுபிடியாக நிற்கிறது. தேனெடுக்கப் போன மனிதர்கள் இதைக் கேட்டுவந்து, தொழில் பழக வருகிறவர்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பெயரை மட்டும்தான் கொண்டுவந்தார்கள். எல்லோரும் ஒருமுறை நின்றாக வேண்டும் என்ற சட்டத்தைக் கூட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.