கீழ்வாசல் கேட்ட அணில்

அல்லிக் குளத்தின் கரையில் ஒரு தூக்கணாங்குருவி வாழ்ந்தது. கூடு பின்னுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. மழைக்காலம் நெருங்கியதும், தங்களுக்கும் கூடு வேண்டும் என்று பலர் அதனிடம் வந்தார்கள்.

குருவி முதலில் எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டது. பிறகு, யாருக்கும் மாறாத பகுதியை மட்டும் பல கூடுகளுக்குச் சேர்த்தே பின்னியது. ஒழுகாத கூரை, காற்றில் ஆடாதிருக்க உள்ளே அப்பிய களிமண். வாசலும் அறையும் அவரவருக்கு ஏற்றபடி பின்னால் சேரும்.

"எனக்கு இரண்டு அறை!" என்றது மைனா.

"சரி! ஆனால் இரண்டு அறைக் கூடு தொங்காது. கிளைக்கவட்டில்தான் வைப்பேன்."

மைனா ஒப்புக்கொண்டது. சிட்டு, அடியில் திறக்கும் கீழ்வாசல் வைத்த கூட்டை வாங்கிக்கொண்டது. அடுத்து அணில் வந்தது. அதன் குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

"அண்ணே, எனக்குக் கீழ்வாசல் வை! பாம்பு நுழையாதாமே!"

"வேண்டாம் தங்கச்சி! பறவைக் குஞ்சுகள் இறக்கை முளைக்கும்வரை ஓரிடத்தில் கிடக்கும். உன் பிள்ளைகள் ஊர்ந்து திரியும். தவறினால் நேரே குளம்! உனக்குப் பக்கவாசல்தான். சாரல் அடிக்காமல் அதற்கு ஒரு தாழ்வாரமும் வேண்டும்."

"சிட்டுக்கு மட்டும் கொடுத்தாயே! நான் என்ன இளப்பமா?"

அணில் கோபித்துக்கொண்டு காகத்திடம் போயிற்று.

"கேட்டதைக் கொடுப்பவன்தான் வேலைக்காரன்! அந்தக் குருவிக்கு வாய் நீளம்!" என்றது காகம். குளத்தின்மேல் நீண்ட கிளையில் சுள்ளிகளை அடுக்கி, கீழே ஓட்டை வைத்துக் கொடுத்தது.

மேகம் கறுத்தது. காற்று வீசியது. கடைக்குட்டி ஊர்ந்து போய் ஓட்டையில் வழுக்கி, ஒரு சுள்ளியைப் பற்றியபடி தொங்கியது! அணில் பாய்ந்து அதைக் கவ்வி இழுத்தது. உடனே குருவியிடம் ஓடியது.

"அண்ணே! மழை வரப்போகிறதே! இனி எப்போது பின்னி முடிப்பாய்?"

"முக்கால் கூடு முன்பே தயார்! நீ பிள்ளைகளைக் கொண்டு வா!"

பின்னி வைத்திருந்த கூடு ஒன்றில் குருவி பக்கவாசல் திறந்தது. தாழ்வாரத்தைக் கோத்தது. என்ன வேகம்! என்ன கைத்திறம்! கடைசிக் குட்டி உள்ளே போனதும் மழை கொட்டியது.

"அவள் கேட்டதைத்தானே கொடுத்தேன்!" என்றது நனைந்த காகம்.

"என்ன வேண்டும் என்று கேட்டாய். அது அவளுக்குப் பொருந்துமா என்று பார்த்தாயா?" என்றது குருவி.

காகம் இறகை உதறிவிட்டு, அடுத்தவர் கேட்டதை அடுக்கிக் கொடுக்கப் பறந்தது. அந்த ரகம் அப்படித்தான்.

எல்லோருக்கும் பொதுவானது எது, அவரவருக்கு வேறானது எது, எதனோடு எது சேராது என்று முன்பே பிரித்தறிந்து செய்கிறவனே பலருக்கும் நல்ல வேலை செய்து கொடுப்பான்.