ஒரு வாரத்தில் பழகிவிடும்

செங்கோடன் மலையேறி வந்ததே, தன்மேல் தப்பில்லை என்று யாராவது ஒருவர் சொல்லக் கேட்டுவிட வேண்டும் என்றுதான்.

மலைமேல் குடிசையில் தனியாகத் தவமிருந்த நீலியம்மை பிறவியிலேயே கண் தெரியாதவர். காலடிச் சத்தம் கேட்டு உட்காரச் சொன்னார்.

“என்ன வேலைப்பா பார்த்தே?”

“செல்போனுக்கு அடிக்கடி அப்டேட் வரும் இல்லீங்களா, அதைச் செய்யுற வேலைங்க. போன தடவை அவசர அழைப்புப் பொத்தானை வேற இடத்துக்கு மாத்தினோம். ராத்திரியே எல்லார் போன்லயும் தானா ஏறிடுச்சு. காலையில ஒரு வீட்டுல புருசனுக்கு மூச்சு முட்டியிருக்கு. அந்தம்மா பழைய இடத்துலயே தட்டிக்கிட்டு இருந்திருக்காங்க.”

“பிழைச்சாரா?”

“இல்லீங்க.”

செங்கோடன் உடனே தொடர்ந்தார்.

“புது இடம் பழசைவிட நல்ல இடம்ங்க அம்மா. அப்டேட்னாலே சனங்க எரிஞ்சு விழுவாங்க. நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சும்பாங்க. ஒரு வாரத்துல பழகிடும். இதுல என் தப்பு என்னங்க?”

நீலியம்மை அடுப்புப் பக்கம் கை காட்டினார். “கொஞ்ச நாள் இங்கேயே இரு. சமையலைப் பார்த்துக்கோ” என்றார்.

இருந்தார். ஆனால் எதையாவது மாற்றியே பிழைத்த கை சும்மா இருக்குமா? பாயைக் காற்று வரும் பக்கம் போட்டார். கைத்தடியைக் கதவோரம் ஆணியில் மாட்டினார். விளக்குமாடத்துக்குக் கீழே பலகை அடித்தார். நீலியம்மை ஒவ்வொன்றையும் தடவித் தடவிக் கண்டுபிடித்தார். பலகையில் நெற்றி இடித்தபோது மட்டும், “மாத்தினா சொல்லிடுப்பா” என்றார்.

செங்கோடன் தலையாட்டினார். கண் தெரியாதவரிடம் தலையாட்டுகிறோமே என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் காலை, புகை அம்மையின் முகத்தில் அடிக்கிறதே என்று அடுப்பைத் தண்ணீர்ப் பானை இருந்த மூலைக்கும் பானையை எதிர்ப்பக்கத்துக்கும் மாற்றினார். அம்மை தியானத்தில் இருந்தார். அதைக் கலைப்பானேன் என்று கஞ்சியைக் கொதிக்க விட்டுவிட்டு விறகு பொறுக்கப் போனார்.

திரும்பி வந்தபோது நீலியம்மை தரையில் கிடந்தார். வலது கை மணிக்கட்டுவரை வெந்து தோல் உரிந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மியிருந்தது. இடது கை சுவரோரம் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

செங்கோடன் விறகைப் போட்டுவிட்டு அழுதார்.

“உங்க நல்லதுக்குத்தான் அம்மா மாத்தினேன். ஒரு வாரத்துல…”

வாய்ப்பழக்கத்தில் வந்ததை அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“பழகிடும்ப்பா” என்றார் நீலியம்மை. “இப்ப தண்ணி எங்கே இருக்குன்னு சொல்லு.”