ஜீப்பின் மூக்கில் ஒரு கண்ணாடி

"ரீச்சர், இதில பத்தொன்பது பொத்தான் இருக்கு. எல்லாம் யப்பான் எழுத்து. எனக்கு ரெண்டு நாளா நித்திரை இல்லை!"

சூசைநாதன் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கியபடியே சொன்னார். மன்னாரில் ஐஸ் வியாபாரம் செய்பவர். ஐம்பத்திரண்டு வயதில் வாங்கிய முதல் ஜீப். யப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலில் வந்து இறங்கியது.

பெனடிக்ரா ரீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஊரில் பாதிப் பேருக்கு வாகனம் ஓட்டப் பழக்கியவர். அதிகம் கதைக்கமாட்டார்.

"நாளைக்கு மாதா கோயில் பெருநாள். குடும்பத்தை ஏத்திக்கொண்டு, சனம் பாய் விரிச்சு இருக்கிற கோயில் வளவுக்குள்ள எல்லாரும் பார்க்கப் போய் இறங்கவேணும். அதுக்குள்ள முழுக்கச் சொல்லித் தாங்கோ."

"எனக்கும் அந்த எழுத்துத் தெரியாது," என்றபடி ரீச்சர் பக்கத்து சீற்றில் ஏறினார். "ஒண்டை அமத்துங்கோ."

அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் துள்ளி எழுந்தார். "ஐயோ, சீற் சுடுது!"

"யப்பானில குளிர், அதுக்குத்தான். அடுத்தது."

அடுத்ததை அமத்த, இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மாட்டின் காதுபோல மடிந்தன. சூசைநாதன் கைதட்டிச் சிரித்தார். திரும்பவும் விரித்தார். திரும்பவும் மடித்தார்.

"விரிச்சு விடுங்கோ," என்றார் ரீச்சர்.

"இந்தச் சின்னக் கியர்த் தடி என்னத்துக்கு?"

ரீச்சர் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

மணல் மேட்டின் பாதியில் ஜீப் புதைந்தது. சில்லு சுழன்று மணலை வாரி இறைத்தது. சூசைநாதன் காலால் இன்னும் அமத்தினார். இன்னும் புதைந்தது.

"காலை எடுங்கோ. நியூற்றலுக்கு விடுங்கோ. இப்ப சின்னத் தடியை இழுங்கோ."

இழுத்தார். எங்கோ அடியில் கடக்கென்று ஒரு சத்தம்.

"இப்ப மெல்ல."

ஜீப் உறுமியது. ஆமையைப்போல, அவசரமே இல்லாமல், மேட்டில் ஏறத் தொடங்கியது.

"ஏறுது! ரீச்சர், ஏறுது! மாதாவே, ஏறுது!"

உச்சியில் நிறுத்தியபோது முன்னால் கடல் மட்டும்தான். சூசைநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. எதையாவது செய்யவேண்டும்போல இருந்தது. சாமான் பெட்டியைத் திறந்து, நட்டுக் கழட்டுகிற சாவி ஒன்றை எடுத்தார்.

"இனி ஒரு வேலைதான். முன்னுக்கு இடப்பக்கம், மூக்கில ஒரு குட்டிக் கண்ணாடி நிக்குது பாருங்கோ, பரு மாதிரி. அதைக் கழட்டி எறியப் போறன். வடிவு கெட்டுப் போகுது. மூண்டு கண்ணாடி இருக்கேக்க இது என்னத்துக்கு?"

ரீச்சர் எஞ்சினை நிறுத்தி, ஜீப்பின் திறப்பை உருவி எடுத்தார்.

"கண்ணை மூடுங்கோ, அண்ணை. ஒருக்கா பரலோக மந்திரம் சொல்லுங்கோ."

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தார். பக்கத்து சீற் வெறுமையாக இருந்தது.

முன்னால் பார்த்தார். மணல், கடல். வலது கண்ணாடியில் மணல். இடது கண்ணாடியில் மணல். பின்னாலும் மணல்தான்.

"ரீச்சர்!"

"இஞ்சதான்." குரல் மிகக் கிட்டக் கேட்டது.

கதவுப் பிடியில் கையை வைத்தார்.

"இறங்கவேண்டாம். இருந்த இடத்திலயே தேடுங்கோ."

கழுத்தை நீட்டினார். சீற்றில் பாதி எழும்பிப் பார்த்தார். சுத்தமான, வெறும் மணல். அவருக்கு வியர்த்தது. ஓர் ஆள், முழு ஆள், இவ்வளவு கிட்ட இருந்து எப்படிக் காணாமல் போவார்?

அப்போதுதான் ஜீப்பின் மூக்கில் ஏதோ அசைந்தது.

அந்தக் குட்டிக் கண்ணாடிக்குள் ரீச்சர் இருந்தார். முன் சில்லுக்கு ஒட்டினாற்போல, மணலில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, கடலைப் பார்த்தபடி.

"கண்டிட்டன்!" சூசைநாதன் கத்தினார். "ரீச்சர், கண்டிட்டன்!"

"என்னை மட்டுமோ?"

திரும்பவும் பார்த்தார். இந்தமுறை மெதுவாக.

சில்லின் நிழலில், ரீச்சரின் சேலைக்கு அந்தப் பக்கம், பிறந்து சில நாளேயான ஓர் ஆட்டுக்குட்டி சுருண்டு கிடந்தது. காது மட்டும் துடித்தது.

நட்டுச் சாவி அவர் மடியில் விழுந்தது.

"அதை நீங்களோ கொண்டுவந்து விட்டனீங்கள்?"

"இல்லை, அண்ணை," என்றார் ரீச்சர். "நான் குந்த வரேக்கையே அது இஞ்ச படுத்திருந்தது."