பேரில்லாத் துறை

முன்னொரு காலத்திலே, செங்காலாற்றங்கரையில் கோட்டை கட்டி விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மாடியில் நின்று ஆற்றைப் பார்ப்பதுதான் அவனுக்கு முக்கால்வாசி வேலை. நாணலும் கொக்கும் மருதமர நிழலுமாக ஆறு அவ்வளவு அழகு. எருமை கழுவுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் பரிசல்காரர்களும் அந்த அழகைக் கெடுக்கிறார்கள் என்று அவன் காதில் ஓதினார், அரண்மனைச் சோடனைக்கு அதிகாரியான அலங்காரம் பிள்ளை. மறுநாளே தண்டோரா போட்டார்கள். ஆற்றில் இனி ஒருத்தரும் கால் வைக்கக் கூடாதாம்.

பரிசல்காரி சடைச்சிக்குப் பிழைப்புப் போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. அக்கரையில் வாழ்க்கைப்பட்ட மகளுக்கு இடுப்புவலி கண்டது. மருத்துவச்சி இருந்ததோ இக்கரையில். காவலர் காலில் விழுந்தும் பரிசலை எடுக்க விடவில்லை. மலையடிவாரம் சுற்றி மருத்துவச்சி நடந்து போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆயிற்று. தாய் பிழைத்தாள். ஆண்பிள்ளை பிழைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, சம்பந்தம் பேச வந்த அயல்நாட்டு ராஜா அக்கரையில் வந்து நின்றார். அவரை அழைத்துவர அலங்காரம் பிள்ளையை அனுப்பினான் விசயகண்டன். மற்ற பரிசல்காரர்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். மிச்சம் சடைச்சியின் பரிசல்தான். தண்ணீர் படாமல் காய்ந்து அதன் தோல் வெடித்திருந்தது அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை ஏற்றிக்கொண்டு தள்ளினாள்.

நடு ஆற்றில், உட்கார்ந்திருந்த பிள்ளையின் இடுப்புவரை தண்ணீர் ஏறிவிட்டது. தலைப்பாகையைக் கழற்றி மொண்டு மொண்டு ஊற்றியபடி, சீக்கிரம் கரை சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினார். சடைச்சி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆத்துல ஆளு இருந்தா அழகு கெட்டுப்போகுமே சாமி. மகாராசா மேல நின்னு பாத்துக்கிட்டிருக்காரு. எறங்கிக்கிறீங்களா?"

இரண்டு கரையிலும் ராஜாக்கள் பார்த்திருக்க, ஆறு சனங்களுக்குத்தான் சொந்தம் என்று பிள்ளை கதறினார். விசயகண்டன் விழுந்து விழுந்து சிரித்தான். தடை அப்போதே நீங்கியது. ஈரத்துணியோடு கரை சேர்ந்த பிள்ளையைச் சபையில் நிறுத்திப் பதவியைப் பிடுங்கினான். சடைச்சியின் புத்தியை மெச்சி, வேண்டியதைக் கேட்கச் சொன்னான்.

"பரிசல் விடுற துறைக்கு எம் பேரன் பேரை வைக்கணும் மகாராசா."

"இவ்வளவுதானா? உன் பேரன் பெயர் என்ன?"

"பேரு வைக்கிறதுக்குள்ள போயிட்டான். மருத்துவச்சி மலையைச் சுத்திப் போன அன்னைக்கி."

ராஜாவின் சிரிப்பு நின்றுபோனது.

பரிசல்கள் திரும்பி வந்தன, எருமைகளும் வந்தன. ஆறு பழையபடி ஆனது. அந்தத் துறைக்கு மட்டும் இன்றுவரை பேர் கிடையாது.