தொண்ணூறாயிரம் கிலோமீட்டர்

பெருந்துறைப் பக்கம் பழைய பிக்கப் வண்டிக்கு விலை மதிப்பதில் தவமணியை மிஞ்ச ஆளில்லை. வயது முப்பத்திரண்டுதான். அவளிடம் தொழில் பழக வந்த நாச்சிமுத்துவுக்கு நாற்பத்தைந்து. மீசை நரைத்த பிறகு பள்ளிக்கூடம் போகிறான் என்று சந்தையில் கேலி பேசுவார்கள்.

ஒருநாள் அவன் கேட்டான். "ஏனுங்க அம்மணி, ரெண்டும் ஒரே வருசத்து வண்டி. ஒண்ணு ரெண்டு லட்சம், இன்னொண்ணு மூணு. எதை வெச்சுங்க?"

தவமணி மீட்டரைத் தொட்டுக் காட்டினாள். "எத்தனை ஓடியிருக்குதுன்னு பாருங்கண்ணா."

நாச்சிமுத்து அதைத் தன் தோதுக்குப் புரிந்துகொண்டான். அவனுடைய பதினோரு வருச வண்டியும் விற்பனைக்குத்தான் நின்றது. மறுநாளே மீட்டர் திருத்துகிறவனிடம் ஓட்டிப்போனான். எதில் நிறுத்தட்டும் என்று அவன் கேட்க, தொண்ணூறாயிரம் போதும் என்றான் நாச்சிமுத்து.

திரும்பும் வழியில் வண்டியைக் கழுவினான். மகள் ஆணியால் கதவில் கிறுக்கிய மீனைக் காணோம். சீட்டில் அவள் பால் கொட்டிய கறையும் இல்லை. இன்னும் பத்தாயிரம் ரூபாய் கூடக் கேட்கலாம் என்று சிரித்துக்கொண்டான்.

வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிவந்து ஏறிக்கொள்கிற ஏழு வயது கனிகா, அன்று அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

"ஆரும்மா இவங்க?"

விளையாடுகிறாள் என்று மனைவி சிரித்தாள். சாப்பாடு முடியும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். காலையில் இட்லிக்கு இரண்டே தட்டு எடுத்து வைத்தாள். கதவோரம் நின்ற பிள்ளையைப் பார்த்து, உங்க அம்மா தேடமாட்டாங்களா கண்ணு என்று அன்பாகக் கேட்டாள்.

நாச்சிமுத்து வண்டியை எடுத்துக்கொண்டு தவமணியிடம் வந்தான். நடந்ததைச் சொன்னான்.

அவள் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். "தொண்ணூறாயிரம் ஓடினப்போ வண்டிக்கு மூணு வயசு. அன்னிக்கு உங்களுக்குப் பிள்ளை ஏதுங்கண்ணா?"

மறுபடி ஏற்றிவிடலாமா என்று கேட்டான்.

"ஏத்தலாம். குறைச்ச அதே மிஷின்தான். எந்த எண்ணுல நிறுத்தணும்?"

இரண்டு லட்சத்துச் சொச்சம் ஓடியிருந்தது என்றான். அதற்கு மேல் அவனுக்கு நினைவில்லை.

"சரியாச் சொல்லுங்கண்ணா," என்றாள் தவமணி. "ஒரு கிலோமீட்டர் கூடினாலும் குறைஞ்சாலும், வந்து நிக்கறது வேற பிள்ளை."